ஒரு கறைக்கு எத்தனை பாட்டில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொங்கலுக்கு வீடு ஒழித்துச் சுத்தம் செய்யும் நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கறை, ஆசிட், பினாயில் பற்றியவைதான். அதனால் முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். பாத்ரூம் டைல்ஸ், குழாய், ஷவர் எல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. டைல்ஸுக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, கண்ணாடிக் கதவுக்கு ஒன்று என்று மூன்று பாட்டில் வாங்கினேன். மொத்தம் 640 ரூபாய். மூன்றில் எதைத் தொடர்ந்து வாங்கலாம்? (மேடவாக்கம்)

பதில்: மூன்றுமே வேண்டாம். நாம் உப்பு என்று சொல்லும் அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. புளிப்பு எது பட்டாலும் அது கரையும். இட்லிப் பானைத் தண்ணீரில் துளி புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுகிறோமே, அதே விஷயம்தான் பாத்ரூமிலும்.

மளிகைக் கடையில் 'லெமன் சால்ட்' என்று கேளுங்கள். அதுதான் சிட்ரிக் ஆசிட். எங்கள் தெருக் கடையில் 100 கிராம் 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, டைல்ஸில் தடவிப் பத்து நிமிடம் விட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஷவருக்கு, கரைசலை ஒரு பாலித்தீன் பையில் ஊற்றி, ஷவரின் முகம் அதில் முழுகும்படி ரப்பர் பேண்டால் கட்டி அரை மணி நேரம் விடுங்கள். அவிழ்க்கும்போது துளைகளில் அடைத்திருந்த துகள்கள் பையின் அடியில் மணல்போல் கிடப்பதைப் பார்ப்பீர்கள். குழாயில் மட்டும் ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம். மேலே இருக்கும் குரோமியம் பூச்சு மங்கும்.

குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரையும் கதவையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். சுவரில் தங்கிய தண்ணீர் காய்ந்தால்தானே உப்பு படிகிறது?

கேள்வி: தண்ணீர்க் குழாயின் மேல் காந்தப் பட்டையை மாட்டினால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? (ஆவடி)

பதில்: வாங்காதீர்கள். நான் வாங்கினேன். நான்கு வருஷத்துக்கு முன்னால், 1,800 ரூபாய் கொடுத்து. மாட்டி மூன்று மாதம் கழித்தும் வாளியின் உள்பக்கம் அதே வெள்ளை வளையம், கெட்டிலின் அடியில் அதே ஏடு, சோப்பில் அதே நுரையின்மை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பட்டை வெளியே எடுப்பதில்லை. வீடு முழுவதற்கும் மென்நீர் வேண்டுமென்றால் ரெசின், அதாவது கால்சியத்தைப் பிடித்துவைக்கும் சிறு மணிகள், நிரப்பிய சாஃப்ட்னர்தான் வழி. அதற்கு அவ்வப்போது கல்லுப்புக் கரைசல் ஊற்றிப் புதுப்பிக்க வேண்டும், இடமும் வேண்டும். அந்தச் செலவையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து சிங்க்கில் ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது, ஆனால் அடைப்பு போகவில்லை. பிராண்டை மாற்ற வேண்டுமா? (ஈரோடு)

பதில்: வேண்டாம். ஒன்று காரம், மற்றது அமிலம். கலந்த நொடியில் ஒன்றையொன்று அடித்துவிடும். பொங்குவது வெறும் கார்பன் டை ஆக்சைடு, மிஞ்சுவது உப்புத் தண்ணீர். சிங்க்குக்குக் கீழே குடுவை மாதிரி ஒன்று இருக்கும். அடியில் வாளியை வைத்துவிட்டு அதைக் கையால் திருகிக் கழற்றுங்கள். சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: ஹாலில் பழைய மொசைக் தரை. பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து கழுவினோம். பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிட்டது. கடைக்காரர் மேலும் கம்பெனி மேலும் வழக்குப் போட முடியுமா? பாட்டிலில் ஏதோ எழுதியிருந்தது, பொடி எழுத்து, படிக்கவில்லை. (கும்பகோணம்)

பதில்: அந்தப் பொடி எழுத்தை இப்போது படியுங்கள். "மார்பிள், மொசைக்கில் பயன்படுத்தக் கூடாது" என்ற எச்சரிக்கை அதில் இருந்தால் உங்கள் வழக்கு நிற்காது. கழிப்பறைக்கு என்று வாங்கியதை ஹாலில் ஊற்றிவிட்டு யார்மேல் கோபப்படுவது? மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லும் சிமெண்டும். உப்புக்கறையைக் கரைக்கும் அதே ஆசிட் மார்பிளையும் கரைக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே சரக்கு. கடப்பா கல்லும் அப்படித்தான். எங்கள் சமையல் மேடையில் நான் ஆசிட் ஊற்றித் தேய்த்த இடம் பன்னிரண்டு வருஷமாகச் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்தே கிடக்கிறது.

கழுவிப் போனது திரும்ப வராது. மொசைக் பாலிஷ் போடுகிறவரை அழைத்து மெஷினில் தேய்த்து மெருகேற்றலாம், சதுர அடிக் கணக்கில் கூலி. ஒரு மூலையில் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் பேசுங்கள்.

கேள்வி: வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டி மஞ்சள் கறை. சோப்பு போட்டதும் சிவப்பாக மாறிவிட்டது! மட்டமான சோப்பா? (திருநெல்வேலி)

பதில்: சோப்பு நல்ல சோப்புதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பில் இருக்கும் காரத்தன்மை பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் அதனால்தான். பயப்படாமல் நன்றாக அலசி, ஈரத்தோடு உச்சி வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் கறை வெளிறிவிடும். இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: கழிப்பறையில் ஆசிட் ஊற்றி, கூடவே பிளீச்சிங் பவுடரும் போட்டேன். கண் எரிந்து இருமல் வந்துவிட்டது. இரண்டில் எது கலப்படம்? (சேலம்)

பதில்: கலப்படம் எதிலும் இருந்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் ஆளைக் கொல்லக்கூடிய வாயு அது. இனி ஒருநாளும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றை ஊற்றிக் கழுவிவிட்ட உடனேயும் மற்றதைப் போடாதீர்கள். இருமலோ நெஞ்சு இறுக்கமோ இன்னும் இருந்தால் கடிதத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷினுக்கு 'டிஸ்கேலிங் பவுடர்' மாதாமாதம் போடச் சொல்லி சர்வீஸ் ஆள் ஆறு பாக்கெட் தலையில் கட்டிவிட்டுப் போனார். தேவைதானா? (கோவை)

பதில்: உங்கள் ஊர்த் தண்ணீரைப் பொறுத்தது. மெஷினோடு வந்த புத்தகத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இருக்கும், அதன்படி போடுங்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, உள்ளே என்ன என்று போட்டிருந்தால் கவனியுங்கள். பல பவுடர்களில் முக்கியச் சரக்கு மேலே சொன்ன சிட்ரிக் ஆசிட்தான். இன்னொன்று, பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராம் என்ன விலை என்றும் போட வேண்டும், 2022இல் நடைமுறைக்கு வந்த விதி அது. அந்த எண்ணை வைத்து இரண்டு பாக்கெட்டை ஒப்பிடுங்கள். பாக்கெட் அளவைப் பார்த்து ஏமாற வேண்டியிருக்காது.

கேள்வி: தெருவில் வண்டியில் பினாயில், ஆசிட், பாத்திரம் கழுவும் லிக்விட் எல்லாம் கொண்டுவருகிறார். கடையில் வாங்குவதில் பாதி விலைகூட இல்லை. காலி பாட்டில் கொடுத்தால் ஊற்றித் தருகிறார். நம்பி வாங்கலாமா? (மதுரை)

பதில்: காலி பாட்டில் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன பாட்டில்? தண்ணீர் பாட்டில்தானே? என் கவலை அதில்தான். ஒவ்வொரு வருஷமும் இதை எழுதுகிறேன், இந்த வருஷமும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இப்படித்தான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வாங்கி, பாத்ரூம் ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன். லேபிள்கூட அப்படியே இருந்தது, குடிதண்ணீர் லேபிள். அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவந்தவன், எட்டி எடுத்து மூடியைத் திறந்துவிட்டான். நெடி மூக்கில் ஏறியதும் கீழே போட்டதால் வாயில் படவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் வெந்துபோனது. இன்று கல்லூரிக்குப் போகிறான், தழும்பு அப்படியே இருக்கிறது. மிச்சம் பிடித்தது இருபது ரூபாயோ என்னவோ. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

வெள்ளைப் பினாயிலைத் தண்ணீரில் கலந்தால் பால் மாதிரியே இருக்கும். ஆசிட் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். இதைக் குழந்தை எப்படிப் பிரித்தறியும்? கண் மங்கிய பாட்டி எப்படி அறிவார்? முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்கும் எந்தப் பொருளிலும் தயாரித்தவர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் எடையளவுச் சட்ட விதிகள் சொல்கின்றன. வண்டிக்காரர் ஊற்றித் தருவதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆசிட் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு உண்டு. ஆசிட் வீச்சு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வாங்குபவரின் முகவரியோடு பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது, அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது. தெருவில் வாளி வைத்து ஊற்றிக் கொடுப்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

வண்டிக்காரரும் பிழைப்புக்காகத்தான் வருகிறார், அவரை விரட்டச் சொல்லவில்லை. துடைப்பம், பிரஷ், மாப் அவரிடமே வாங்குங்கள். பினாயிலும் ஆசிட்டும் மட்டும் லேபிள் ஒட்டிய, சீல் பிரிக்காத பாட்டிலில் வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே தண்ணீர் பாட்டிலில் ஏதாவது இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் எடுத்து உயரத்தில், பூட்டி வையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும், நுரையீரலுக்குள்ளும் போகலாம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: போன ஆடித் தள்ளுபடியில் வாங்கிய மாப் வாளியின் பெடல் அப்போதே உடைந்துவிட்டது. இப்போது மாற்றித் தருவார்களா? பில் தொலைந்துவிட்டது. (தஞ்சாவூர்)

பதில்: உடைந்த அன்று போயிருக்க வேண்டும். பணம் கட்டிய விவரம் போனில் இருந்தால் எடுத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாலும் கறுப்பு போகவில்லை. (நாகர்கோவில்)

பதில்: முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பழைய செய்தித்தாளால் துடைத்து, வெந்நீரில் சீயக்காய் போட்டுக் கழுவிய பிறகு புளி வையுங்கள். பிசுக்கு இருக்கும்வரை புளிப்பு பித்தளையைத் தொடாது. கழுவியதும் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: போன வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். விளக்கு பாலிஷ் பவுடர் விளம்பரம் என்று சொல்லிப் பித்தளைச் சொம்பை இலவசமாகத் தேய்த்துக் கொடுத்தார்கள். அப்புறம் அத்தையின் கழுத்துச் செயினையும் வாங்கி ஏதோ திரவத்தில் முக்கி, மஞ்சள் தண்ணீர் இருந்த டப்பாவில் போட்டு, அரை மணி கழித்துத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். செயின் பளபளவென்று இருந்தது, ஆனால் தேய்ந்தது போல் தெரிந்தது. எடை போட்டால் நான்கு பவுனில் ஆறு கிராம் குறைகிறது. அத்தை சாப்பிடவே மாட்டேன் என்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? (விருத்தாசலம் பக்கம்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அத்தையிடம் சொல்லுங்கள், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. இது பல வருஷமாக ஊர் ஊராக நடக்கும் திருட்டு. படித்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த திரவம் பெரும்பாலும் ராஜதிராவகம், நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தது. தங்கத்தைக் கரைக்கும். செயினின் மேல்பூச்சு அழுக்கோடு தங்கமும் அதில் இறங்கிவிடும். திரவத்தை எடுத்துப்போய்த் தங்கத்தைப் பிரித்துவிடுவார்கள். மஞ்சள் தண்ணீரும் அரை மணி நேரமும் அவர்கள் தெருவைத் தாண்டுவதற்கு.

நுகர்வோர் ஆணையத்தில் யார் மேல் போடுவது? பெயரும் தெரியாது, பில்லும் இல்லை. காவல் நிலையம்தான் வழி. செயின் வாங்கிய பழைய ரசீது, இப்போதைய எடைச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த டப்பாவையும் சொம்பையும் கழுவாமல் அப்படியே வைத்திருங்கள். தெருவில் எந்த வீட்டில் கேமரா இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள், பழைய பதிவு சீக்கிரம் அழிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

இனிமேல் செயின் கழுவ யாரும் வீட்டுக்கு வர வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பத்தர்களும் அதைத்தான் செய்வார்கள். முத்து பதித்த நகையை மட்டும் ஊறப் போடாதீர்கள்.

புகார் கொடுத்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அத்தை சாப்பிட்டாரா என்றும்.