கியூ 05.9 என்று போட்டிருக்கிறது, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 27. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது வலி இல்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஸ்பைனா பிஃபிடா, கியூ 05.9’ என்று போட்டிருக்கிறார்கள். செல்போனில் தேடினால் முதுகில் கட்டியோடு பிறந்த குழந்தைகள், மூளையில் நீர், சக்கர நாற்காலி என்றே வருகிறது. ‘பிறவிக் குறைபாடா?’ என்று இன்சூரன்ஸில் விளக்கம் கேட்கிறார்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் இருப்பதோ ‘எஸ்1 ஸ்பைனா பிஃபிடா ஒக்கல்டா’ என்ற ஒரு வரிதான். எனக்கு என்னதான் நோய்? குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் எக்ஸ்ரே ரிப்போர்ட் ஒரு ஆளைப் பற்றியும் டிஸ்சார்ஜ் சம்மரி வேறொரு ஆளைப் பற்றியும் பேசுகின்றன. எக்ஸ்ரே பேசுவதுதான் உங்களைப் பற்றி.

அந்த ‘கியூ’ எண், உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய்ப் பட்டியலில் இருந்து வருகிறது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருந்தாலும், நம் ஆஸ்பத்திரித் தாள்களில் பெரும்பாலும் பத்தாம் பதிப்பின் எண்களே புழங்குகின்றன. அதில் பிறவி உடலமைப்புக் கோளாறுகள் ‘கியூ’ எழுத்தின் கீழ் வரும். பிறவி என்றால் பரம்பரை என்று அர்த்தமில்லை. பிறக்கும்போதே இருந்தது, அவ்வளவுதான்.

05 என்பது நரம்பு மண்டலக் கோளாறுகளின் வரிசையில் ஸ்பைனா பிஃபிடாவுக்கான எண். தண்டுவடத்தை மூட வேண்டிய எலும்பு மூடாமல், உள்ளிருக்கும் சவ்வும் பல நேரம் நரம்புகளும் பை போல வெளியே பிதுங்கி நிற்கும் நிலை இது. புள்ளிக்குப் பின்னால் வரும் எண், மூளையில் நீர் சேர்ந்திருக்கிறதா, கோளாறு கழுத்திலா, மார்பிலா, இடுப்பிலா என்று சொல்லும். 9 என்றால் ‘விவரம் எதுவும் குறிப்பிடப்படவில்லை’. உங்களுக்கு இது இருந்திருந்தால் 27 வயதில் எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது. பிரசவம் பார்த்த நர்ஸம்மாவே அன்றைக்குச் சொல்லியிருப்பார்.

‘ஒக்கல்டா’ என்றால் மறைந்திருப்பது. முள்ளெலும்பின் பின்பக்க வளைவில் இரண்டு பாதிகளும் நடுவில் ஒட்டாமல் சிறு இடைவெளி இருக்கும். சவ்வும் நரம்பும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும், மேலே தோலும் மூடியிருக்கும். பத்துப் பேருக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தால் ஒருவர் இருவருக்காவது இது தென்படும். அதனால் இதன் எண்ணே வேறு: கியூ 76.0. இது எலும்புக் கோளாறுகளின் வரிசை. ‘ஒக்கல்டாவை இங்கே சேர்க்காதே, 76.0-க்குப் போ’ என்ற குறிப்பு 05-ன் கீழேயே இருக்கிறது. பிறகு எப்படித் தப்பு நடந்தது? அவசரத்தில் டாக்டர் ‘ஸ்பைனா பிஃபிடா’ என்று மட்டும் எழுதியிருப்பார். எண் போடுபவர் உங்களைப் பார்த்தவர் இல்லை. தாளில் இருப்பதற்கு எண் தேடுவார், 05.9-ல்தான் போய் நிற்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எழுதுவதில் சோம்பல் எங்கள் தொழிலில் பழைய வியாதி.

இன்னொன்றும் உறுத்துகிறது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது இடுப்பு வலிக்காக. அதற்கு எம் 54.5 என்று தனி எண் உண்டு. முதலில் வர வேண்டியது அதுதான். எஸ்1-ல் (இடுப்பு முள்ளெலும்புகளுக்கு அடுத்துக் கீழே வரும் எலும்பு) உள்ள இடைவெளி தற்செயலாகக் கண்ணில் பட்டது, வலிக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குடம் தூக்கியதில் தசை பிடித்ததே போதுமான காரணம்.

எக்ஸ்ரே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, சிகிச்சை தந்த டாக்டரையே போய்ப் பாருங்கள். திருத்திய சம்மரியை அவர் கையெழுத்தோடு வாங்கி, மெடிக்கல் ரெக்கார்டு பிரிவிலும் பதியச் சொல்லி, ஒரு பிரதியை இன்சூரன்ஸுக்கு அனுப்புங்கள். நீங்களாகப் பேனாவால் அடித்துத் திருத்திவிடாதீர்கள். கிளெய்மே சந்தேகத்துக்கு உள்ளாகும். இன்சூரன்ஸில் பிறவிக் குறைபாட்டை ‘உள்’, ‘வெளி’ என்று பிரிப்பார்கள்: கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால் வெளி, இல்லாவிட்டால் உள். உங்களுடையது உள் வகை. அதைவிட, நீங்கள் சிகிச்சை எடுத்ததே அதற்காக அல்ல என்பது திருத்திய தாளில் தெளிவாக இருக்கட்டும்.

ஒரு முறை அம்மாவிடமோ கணவரிடமோ சொல்லி உங்கள் கீழ்முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கோட்டில் கொத்தாக முடி, ஆழமான குழி, கொழுப்புக் கட்டி, சிவந்த மச்சம் ஏதாவது இருக்கிறதா? சிறுநீர் தானாகக் கசிவது, கால் மரத்துப்போவது, பாதம் வளைந்திருப்பது உண்டா? ஒன்று இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தண்டுவடத்தின் நுனி கீழே ஒட்டி இழுபடுகிறதா என்று அதில் தெரியும். எதுவும் இல்லையென்றால் ஸ்கேனுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை, தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு முயற்சி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி மூன்றாம் மாதம் முடியும்வரை சாப்பிடுங்கள். கரு உருவான 28 நாளுக்குள் குழந்தையின் நரம்புக் குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து டாக்டரிடம் போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். இது எல்லாப் பெண்களுக்கும் சொல்வதுதான், உங்களுக்கென்று தனியாக இல்லை. உங்கள் இருவர் குடும்பத்திலும் முதுகில் பையோடு பிறந்த குழந்தை யாராவது இருந்தால் மட்டும் மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவைக் கூட்டித் தருவார். பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட வேண்டி வந்தால் மயக்க மருத்துவரிடம் அந்த எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். ஊசி போடும் இடம் பொதுவாக எஸ்1-க்கு மேலே என்பதால் பெரும்பாலும் தடை இருக்காது.