கிம்பர்லி போக விரும்புவோருக்கு: கேள்வி பதில்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் கிம்பர்லி வட்டாரம் 4 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டிய பரப்புடையது. அங்கே வாழ்பவர்களையெல்லாம் கூட்டினாலும் நம் ஊர்ச் சிறு நகராட்சி ஒன்றின் அளவுதான் வரும். டெர்பியில் தொடங்கிக் குனனுரா பக்கம் முடியும் சுமார் 660 கி.மீ. நீளமுள்ள கிப் ரிவர் சாலையை நான் நான்கு முறை கடந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே கீழே பதில் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு டிசம்பர், ஜனவரியில்தான் நீண்ட விடுமுறை. அப்போது போகலாமா? (மெல்பர்னிலிருந்து ஒருவர்)

வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழைக்காலம்; ஆறுகள் கரை புரண்டு ஓடும்போது மண்சாலைகளை அடைத்துவிடுவார்கள். 2023 ஜனவரியில் வந்த வெள்ளம் ஃபிட்ஸ்ராய் கிராஸிங் ஊரின் நெடுஞ்சாலைப் பாலத்தையே உடைத்துப் போட்டது. தார் போட்ட தேசிய நெடுஞ்சாலைக்கே அந்தக் கதியென்றால் மண்சாலையைச் சொல்ல வேண்டியதில்லை. மே முதல் செப்டம்பர் வரை போகலாம். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: மே மாதத்தில் அருவிகள் நிறைந்து விழும், ஆனால் சில கிளைச் சாலைகள் திறந்திருக்காது; செப்டம்பரில் எல்லாச் சாலையும் திறந்திருக்கும், ஆனால் மிட்செல் அருவி மெலிந்துவிடும், வெயிலும் தாங்காது. ஜூன் கடைசியையோ ஜூலைப் பள்ளி விடுமுறையையோ தேர்ந்தெடுங்கள்.

எங்களிடம் நகரத்துக்குள் ஓட்டும் எஸ்யூவி இருக்கிறது. அது போதுமா? (பெர்த்திலிருந்து ஒரு வாசகி)

போதாது. தரையிலிருந்து நல்ல உயரமும், மெதுவாகப் போகும்போது அதிக இழுவிசை தரும் லோ ரேஞ்ச் கியரும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும். வாடகைக்கு எடுத்தால், ஒப்பந்தத்தில் கிப் ரிவர் சாலைக்கு அனுமதி என்று பெயர் குறிப்பிட்டு எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஆனால் வண்டியைவிட டயரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். அந்தச் சாலை, துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக இறுகிக் கிடக்கும்; இடையிடையே கத்தி முனை போன்ற கற்கள். முதல் பயணத்தில் தார்ச்சாலைக்கு வைத்த காற்றைக் குறைக்காமலே வேகமாக ஓட்டினேன். மாலை ஐந்து மணிக்கு ஒரு கல் டயரின் பக்கவாட்டை நான்கு விரல் நீளத்துக்குக் கிழித்தது. பஞ்சர் ஒட்டி மீட்க முடியாத காயம் அது. ஸ்டெப்னியை மாட்டி முடித்தபோது இருட்டிவிட்டது. அடுத்த டயர் போனால் வேறு இல்லை என்ற நினைப்போடு மறுநாள் முழுவதும் ஓட்டினேன். இப்போது 28 பவுண்டு அளவுக்குக் காற்றை இறக்கி, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாமல், இரண்டு ஸ்டெப்னியோடு போகிறேன்.

முதலை இருக்கும் ஊரில் எங்கே குளிப்பது? (சிங்கப்பூரிலிருந்து ஒருவர்)

அங்கே இரண்டு வகை முதலைகள் உண்டு. ஒடுங்கிய மூக்குடைய நன்னீர் முதலை, சீண்டாதவரை பொதுவாக மனிதரிடம் வருவதில்லை. உவர்நீர் முதலை ஆளைக் கொல்லும். பெயரில் உவர்நீர் என்று இருப்பதால் கடலோரத்தில் மட்டும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆற்றின் வழியே வெகுதூரம் உள்ளே வந்து நன்னீரிலும் கிடக்கும். பெல், மேனிங் போன்ற மலையிடுக்குகளின் மேல்மடுக்களில் பலரும் குளிக்கிறார்கள். ஆனாலும் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையை அன்றன்றைக்குப் படித்த பிறகே இறங்குங்கள். பென்டகோஸ்ட் ஆற்றைக் கடக்கும்போது மட்டும், மற்ற ஓடைகளில் செய்வது போல ஆழம் பார்க்க நடந்து இறங்கக் கூடாது. எதிரே ஒரு வண்டி வரும்வரை காத்திருந்து, தண்ணீர் அதன் சக்கரத்தில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் எதைப் பார்க்கலாம்? (கோவையிலிருந்து ஒருவர்)

டனல் கிரீக். நேப்பியர் மலைத்தொடரின் அடியில் ஓடை குடைந்த 750 மீட்டர் குகை அது. டார்ச் இல்லாமல் நுழைய முடியாது. முழங்கால் அளவுத் தண்ணீர் ஓரிடத்தில் இடுப்புக்கு ஏறும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே அது சில்லென்று இருக்கும். நடுவழியில் கூரை இடிந்து விழுந்திருப்பதால் மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. அந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் தலைக்கு மேல் வௌவால்கள் அசைவது தெரியும். அந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த பாறைத்திட்டு. 35 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது.

அழகுக்காக மட்டும் அங்கே போகாதீர்கள். தம் நிலத்தைப் பறித்த குடியேறிகளையும் காவல்துறையையும் எதிர்த்துப் போராடிய புனுபா இனத்து வீரர் ஜந்தமாரா ஒளிந்திருந்த இடம் அது; 1897-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அங்கேதான். அதைத் தெரிந்துகொண்டு நடப்பவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

கடற்கரையைப் பற்றியும் சொல்லுங்கள். கிடைமட்ட அருவி என்பது என்ன? (தூத்துக்குடியிலிருந்து ஒருவர்)

உங்கள் ஊரில் ஓதம் ஏறி இறங்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். டெர்பியில் அது 11 மீட்டரைத் தாண்டும். டால்பட் விரிகுடாவில் மலைச்சுவர் இரண்டில் குறுகிய வாய்கள் இருக்கின்றன. கடல் ஏறும் வேகத்துக்கு அந்த வாய்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ச் சேர முடியாததால், சுவரின் ஒரு பக்கம் நீர்மட்டம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்கிறது; இடைவெளியில் கடல் அருவியாகப் பாய்கிறது. ஓதம் வடியும்போது அதே அருவி எதிர்த்திசையில் ஓடும்.

அந்த இடைவெளிக்குள் படகில் புகுந்து போவது அங்கே பெரிய சாகசமாக விற்கப்படுகிறது. மண்ணின் உரிமையாளர்களான தம்பிமங்கரி மக்கள் கேட்டுக்கொண்டதால் 2028-இல் அது நிறுத்தப்படுகிறது. சரியான முடிவு என்பேன். 2022-இல் அங்கே படகு விபத்தில் பலர் காயமடைந்தார்கள். வெளியே நின்று பார்த்தாலே போதும்.

போவாப் மரமும் எங்கள் ஊர்ப் பெருக்குமரமும் ஒன்றா? (மன்னாரிலிருந்து ஒருவர்)

ஒரே பேரினம், வேறு இனம். போவாப் கிம்பர்லியின் மரம்; மன்னாரில் இருப்பது ஆப்பிரிக்காவின் மரம்.

வழியில் உடம்புக்கு முடியாமல் போனால்? அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா? (இரண்டு பேர் கேட்டது)

ஊர்களைத் தாண்டினால் பெரும்பாலும் செல்போன் எடுக்காது. சாட்டிலைட் போனோ, பதிவு செய்த அவசரச் சமிக்ஞைக் கருவியோ இல்லாமல் புறப்படாதீர்கள். 1928 முதல் இயங்கும் பறக்கும் மருத்துவர் சேவை கால்நடைப் பண்ணைகளின் ஓடுதளங்களில் இறங்கும். ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கும்.

மிட்செல் அருவிப் பக்கம் போக வுனம்பல் கம்பேரா மக்களின் ஊங்கூ அனுமதிச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். காலம்புரு ஊருக்குப் போகவும் அனுமதி வாங்க வேண்டும். சாலையோரப் பாறைகளில் வாயில்லாத, கண்கள் பெரிய முகங்களைக் காண்பீர்கள். அவை வாஞ்சினா; மழையைக் கொண்டுவரும் தெய்வங்கள், அம்மக்கள் இன்றும் வணங்குபவை. தொடாதீர்கள், படமெடுக்கலாமா என்று அங்குள்ளவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.