பதற்றம்தான் சிகிச்சையைத் தோற்கடித்ததா?

பதற்றப்பட்டதால்தான் சோதனைக்குழாய் கருத்தரிப்பு (IVF) சிகிச்சை பலிக்கவில்லையா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை என்றே பதில் சொல்வேன். 2011இல் உளவியல் ஆய்வாளர் ஜாக்கி போய்வின் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு, 14 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,583 பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்து, சிகிச்சைக்கு முன்பிருந்த மன உளைச்சலுக்கும் அந்தச் சிகிச்சைச் சுற்றில் கரு தங்குவதற்கும் தொடர்பில்லை என்று கண்டது.

பதற்றமே தோல்விக்குக் காரணம் என்று நீங்கள் படித்த ஆய்வுக் கட்டுரை சொல்கிறது என்றால், அதில் சிகிச்சையின் முடிவு தெரிந்த பிறகு பெண்களிடம் மனநிலைக் கேள்வித்தாள் கொடுத்திருக்கலாம். அப்போது தோல்வியின் துயரமே அதன் காரணம்போலத் தோன்றிவிடும். மனநிலையை எந்தக் கட்டத்தில் அளந்தார்கள் என்று அந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பாருங்கள்.

ஆனால் அந்தத் தொகுப்பாய்வு ஒரு சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். உளைச்சல் தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவோர் உண்டு என்பதால், மனநல ஆலோசகரைப் பார்ப்பது வீணல்ல. "மனதை லேசாக வைத்துக்கொள்" என்னும் உறவினர் அறிவுரையை நான் ஆலோசனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.