மூன்று தடவை போனால் காசு வந்துவிடுமா?

கேள்வி: குன்னூரில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்கு அருவங்காட்டில் வேலை. மகளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. போகிறாள், மகனுக்கு இரண்டு. மலைக்குக் கீழே இருக்கும் தீம் பார்க்கில் வருடாந்திர பாஸ் தருகிறார்கள். “மூன்று தடவை போனாலே போட்ட காசு வந்துவிடும், அதற்கு மேல் எல்லாம் லாபம்” என்கிறார் இவர். போன கோடை லீவில் காரமடையில் என் அம்மா வீட்டில் இருந்தபோது ஒரு நாள் போனோம். மகள் நாள் முழுக்க குழந்தைகள் குளத்தை விட்டு நகரவில்லை; ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் மொண்டு கொட்டிக்கொண்டே இருந்தாள். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் தங்கை, “சின்னப் பிள்ளைகளுக்கு பாஸ்தான் சரி அக்கா, யோசிக்காதே” என்கிறாள். மாமியார், “இந்த வயசுல போனா என்ன ஞாபகம் இருக்கப்போகுது, தண்டச் செலவு” என்கிறார். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: எடுக்காதீர்கள்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்னவர் வீட்டுக்காரரும் இல்லை, மாமியாரும் இல்லை. கப்பில் தண்ணீர் மொண்ட மகள். அவளிடம் பிறகு வருகிறேன்.

முதலில் மாமியார். மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை வளர்ந்த பிறகு பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை என்று உளவியல் படித்தவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது செலவு செய்யாமல் இருப்பதற்குக் காரணமே ஆகாது. இரண்டு வயதில் நிலாவைக் காட்டி ஊட்டிய சோறுகூடத்தான் ஞாபகம் இருக்காது. அதற்காக எந்தப் பாட்டியாவது ஊட்டாமல் விட்டாரா? அன்றைக்கு அந்தப் பிள்ளை சந்தோஷமாக இருந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். (இந்தப் பத்தியை அவரிடம் அப்படியே படித்துக் காட்ட வேண்டாம்.)

இனி வீட்டுக்காரரின் கணக்கு. விலை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. ஆளுக்கு ஒரு நாள் டிக்கெட் 1,000 ரூபாய், பாஸ் 3,000 என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மூன்று தடவைக்கு அதுதான் பொருந்துகிறது. நாலு வயதுப் பிள்ளை தனியாக உள்ளே போகாது. இரண்டு பிள்ளைகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஆள் சமாளிக்கவும் முடியாது. ஆகவே “குழந்தைக்குப் பாஸ்” என்றாலே பெரியவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். மூன்று பாஸ், ஒரே நாளில் 9,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

பையனை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நம் ஊர் பார்க்குகளில் பலவற்றில் பிள்ளைகளுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். 85 அல்லது 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே கிடையாது. இரண்டு வயதுப் பையனின் நடுத்தர உயரம் 87 சென்டிமீட்டர் பக்கம். நிலைப்படியில் நிறுத்தி, தலையில் ஒரு புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். ஓசியில் போகிற பிள்ளைக்கும் சேர்த்துப் பாஸ் எடுத்துவிட்டு வருகிற பெற்றோர் இருக்கிறார்கள்.

அதே நிலைப்படியில் மகளையும் நிறுத்துங்கள். நாலு வயதில் ஏறக்குறைய 103 சென்டிமீட்டர். ஐந்து முடியும்போது 110 வந்தால் அதுதான் சராசரி. பெரிய ரைடுகளின் வாசலில் இருக்கும் அளவுகோல் பெரும்பாலும் 120, சிலவற்றில் 140. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு பிள்ளை 120ஐத் தொட ஏழு வயது ஆகும். அதாவது இந்தப் பாஸ் உயிரோடு இருக்கும் ஒரு வருடத்தில் அவள் ஆறேழு சென்டிமீட்டர் வளருவாள். ஆனாலும் வாசலில் நிற்கும் ஊழியர், “அடுத்த வருஷம் வாம்மா” என்றுதான் சொல்வார். நீங்கள் இருவரும் ரைடில் ஏறலாம்தான், ஒருவர் மாற்றி ஒருவர். மற்றவர் கீழே இரண்டு டவலையும் ஒரு பால் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“அதற்கு மேல் எல்லாம் லாபம்” என்பது இன்னும் மோசம். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடுவதில்லை. நைலான் உடுப்பு வேண்டும். லாக்கர் வேண்டும். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லாத இடமென்றால் உள்ளே இருக்கும் விலைக்குத்தான் சாப்பிட வேண்டும். போக வர பெட்ரோல். பாஸ் இதில் ஒன்றையும் குறைக்காது. நாலாவது தடவை உங்களுக்கு இலவசமாகத் தெரியும், சாயங்காலம் பர்ஸைத் திறந்து பார்க்கும்வரை.

ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்து 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள், போன தடவைகளுக்கு வகுத்துப் பார்த்தால், தடவைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அங்கேயே பத்துத் தடவைச் சீட்டு எடுத்திருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். இவர்கள் ஏமாற்றப்படவில்லை, சந்தா கட்டும்போது, இனி ஒழுங்காகப் போவோம் என்று தங்களைத் தாங்களே நம்பினார்கள். உங்கள் வீட்டுக்காரரும் அதைத்தான் நம்புகிறார். நல்ல மனிதர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்க்கவில்லை.

தங்கை சொல்வதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் அவள் சொல்வது சரி. நாலு வயதுப் பிள்ளைக்கு நாற்பது ரைடு வேண்டாம். ஒரே சறுக்கில் நாற்பது தடவை போக வேண்டும். ஒரு நாள் டிக்கெட் வாங்கிய அப்பா அம்மாவால் இதைத் தாங்க முடியாது. ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு கப்பில் தண்ணீர் மொள்கிறாளே என்று வயிறு எரியும். “வா கண்ணு, அந்த பொம்மை ரயிலைப் பார்க்கலாம்” என்று இழுப்போம். அவள் அழுவாள். தூங்கவேண்டிய நேரத்தில் தூங்கவிடாமல் ஆறு மணிவரை வைத்திருந்து, கொடுத்த காசை வசூல் செய்துகொண்டு கிளம்புவோம். பாஸ் கையில் இருந்தால் இந்தப் பதற்றம் இல்லை. காலையில் போய் இரண்டு மணி நேரம் அந்தக் குளத்திலேயே உட்காரவிட்டு, கண்ணைக் கசக்கியதும் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பாஸினால் வரும் பெரிய நன்மை சீக்கிரம் கிளம்ப முடிவதுதான்.

தங்கைக்கு இது கிடைக்கிறது. டிஸ்னிலேண்டில் மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கே நூறு டாலருக்கு மேல் ஆகிவிடும். அங்கேயும் ஸ்பேஸ் மவுண்டன் ரைடுக்கு 102 சென்டிமீட்டர், மேட்டர்ஹார்ன் ரைடுக்கு 107 என்று உயரத் தடை இருக்கிறது. ஆனால் டம்போ யானை போல உயரமே பார்க்காத ரைடுகள் நிறைய, அதனால் நாலு வயதுக்கும் நாள் முழுக்க வேலை உண்டு. தெற்குக் கலிஃபோர்னியாவில் மழை நாட்களும் குறைவு. இத்தனை இருந்தும், 2021இல் பழைய வருடப் பாஸை நிறுத்திவிட்டு அவர்கள் கொண்டுவந்த ‘மேஜிக் கீ’யில் முன்பதிவு செய்யாமல் உள்ளே போக முடியாது, பாஸின் தரத்தைப் பொறுத்து பண்டிகை நாட்களும் விடுமுறைகளும் அடைபட்டிருக்கும், அதாவது அன்றைக்குப் பாஸ் செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் வீடு பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் வீடு 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வரை கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறக்கம், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் சேர்த்து. வண்டியில் குமட்டல் அதிகம் வருவது இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள். உங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு இட்லி ஊட்டிக் கிளம்பினால், காட்டேரி தாண்டியதும் மகள் பேச்சை நிறுத்துவாள். பிறகு உதட்டை நக்குவாள், முகம் வெளுக்கும். முன் சீட்டிலிருந்து எலுமிச்சம்பழம் பின்னால் போகும். பர்லியாறு பழக்கடைப் பக்கம் வண்டியை ஓரம் கட்டும்போது பாலிதீன் கவர் நிரம்பியிருக்கும். கவரைப் பிடுங்கக் குரங்கு ஒன்று தயாராக உட்கார்ந்திருக்கும். இத்தனையும் பட்டு இறங்கிய பிறகு, பதினோரு மணிக்குப் பிள்ளை கண்ணைக் கசக்குகிறது என்று யார் வண்டியைத் திருப்புவார்கள்? சாயங்காலம்வரை இருப்பீர்கள். அதற்குப் பிறகு ஈரத் தலையோடு மேலே ஏற வேண்டும். மூடுபனியில் முன் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர இருட்டிவிடும். மறுநாள் திங்கட்கிழமை, இவருக்கு டியூட்டி, அவளுக்கு ஸ்கூல், பையனுக்கு மூக்கு ஒழுகும். உங்களுக்கு ஒரு நாளும் ‘இரண்டு மணி நேரம்’ கிடைக்காது.

இனி ஞாயிற்றுக்கிழமைகள். ஏப்ரல், மே சீசனில் இறங்குவதற்குக் கோத்தகிரி வழி, ஏறுவதற்கு பர்லியாறு வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். ஊரே மேலே வரும்போது நீங்கள் கீழே போய்த் திரும்பவும் அந்த வரிசையில்தான் ஏற வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மரம் விழுந்தது, மண் சரிந்தது, ரயில் ரத்து என்ற செய்தி குன்னூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஜனவரியில் உறைபனி. நடுவில் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல். பார்க் வேறு எந்தெந்த நாளைப் பாஸுக்கு அடைத்து வைத்திருக்கிறதோ. மிச்சம் இருப்பதில் நீங்கள் இரண்டு தடவை போனால் பெரிது.

தீம் பார்க் எதற்கு, மலையைக் காட்டுங்கள், இயற்கையைக் காட்டுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம் தெரிகிற பிள்ளைக்கு அது அதிசயம் இல்லை. சறுக்கு மரமும் குளோரின் வாசமும்தான் அதிசயம். அந்த ஆசை நியாயமானது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளைகளை ஓடவிட வேண்டும், அவ்வளவுதான் என்றால் 1874இலிருந்து சிம்ஸ் பூங்கா உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் ஊட்டி ரயிலில் ஏறுங்கள். ஐந்து வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தனி சீட் கேட்காதவரை ரயிலில் டிக்கெட் கிடையாது. அழ ஆரம்பித்தால் வெலிங்டனிலேயே இறங்கிவிடலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியது காரமடை. மலைப்பாதை இல்லாமல், சமதளத்தில், பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் வீடு அது. தங்கைக்குக் கிடைப்பது உங்களுக்கு அங்கே கிடைக்கும், லீவில் பிள்ளைகள் தங்கும் சில வாரங்களுக்கு. அதற்கு வருடப் பாஸ் வேண்டாம். கோடைக்கு மட்டும் பாஸ் உண்டா, பல தடவை நுழையும் சீட்டு உண்டா, வார நாட்களில் விலை குறைவா என்று டிக்கெட் கவுண்டரில் கேளுங்கள். உண்டு என்றால், வாங்கிய தேதியிலிருந்து கணக்கா, முதல் தடவை உள்ளே போன தேதியிலிருந்தா, மே மாதம் முழுக்க அடைபட்டிருக்கிறதா, போக முடியாமல் போனால் பணம் திரும்ப வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு நாள் டிக்கெட்டே போதும். ஒரு செவ்வாய், புதன் பார்த்துத் திறந்ததும் போய், சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்புங்கள். கப்பை மறக்காமல் எடுத்துப் போங்கள். வருடப் பாஸைப் பற்றி மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது வீட்டுக்காரர் மறுபடி பேசட்டும்.

அதற்கு முன் ஒன்று. லீவில் இவர் அருவங்காட்டில் இருப்பார். நீங்கள் பையனோடு நிற்கும்போது, மகளுக்குப் பின்னால் முழங்கால் தண்ணீரில் குனிந்துகொண்டே நடக்கப்போகிறவர் உங்கள் அப்பா. அவரை யாராவது கேட்டீர்களா?