வேலை மந்தமாக இருக்கும் நாட்களை எப்படி உருப்படியாகக் கழிப்பது?

கேட்டவர் அலுவலகத்தில் இருப்பவர் போலத் தெரிகிறது. நான் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் கலர் சிமெண்ட் கல், கையால் போடும் பட்டறை நடத்துகிறேன். எங்களுக்கு மந்தம் திடீரென்று வருவதில்லை, காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் யாரும் புதுவீடு புகமாட்டார்கள். தை பிறந்தால்தான் போன் அடிக்கும்.

மழையில் கல் போடுவது ஏன் கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, கோலம் மாதிரி தகடு வளைத்த அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டை ஊற்றுவோம். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவையைத் தூவ வேண்டும். கலரில் உள்ள தண்ணீரை உறிஞ்சுவது அதுதான். அப்புறம்தான் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவது. மணலே நசநசவென்று இருந்தால் எதை உறிஞ்சும்?

இது தெரிந்தும், அப்பாவிடமிருந்து பட்டறை கைக்கு வந்த முதல் வருடம் ‘சும்மா இருக்கக் கூடாது’ என்று மழையோடு மழையாகக் கல் போட்டு அடுக்கினேன். சரியாகக் காயாத கல்லில் வெள்ளையாக உப்பு பூத்தது. தை மாதம் வந்தவர்கள் கேட்டது கறுப்பு-வெள்ளை. நான் அடுக்கி வைத்திருந்தது சிவப்பும் பச்சையும். பாதியைக் கிடைத்த விலைக்குத் தள்ளினேன். வேலை இருக்கும்போது செய்கிற அதே வேலையை வேலை இல்லாதபோதும் செய்வது சுறுசுறுப்பு இல்லை, பதற்றம்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. ஓட்டமான மாதங்களில் எது எங்கள் கையைத் தடுத்து நிறுத்தினாலும், கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கம்பியில் குத்திவிடுவேன். ‘பத்துக்குப் பத்து அச்சில் தகடு விட்டுப்போச்சு.’ ‘கண்ணாடியில் கீறல், கல்லில் கோடு விழுது.’ ‘மஞ்சள் போன தடவை மாதிரி வரலை.’ மழை பிடித்ததும் கம்பியை உருவி, அந்தத் தாள்களில் இருப்பதை மட்டும் பார்ப்போம். புதிதாக எதுவும் யோசிப்பதில்லை.

பல தாள்களில் வந்தது கலர்தான். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் தெரிவது வேறு, கொஞ்சம் வெளுத்துவிடும். சிமெண்டில் கலக்கும் கலர்ப்பொடியான ஆக்சைடு எவ்வளவு போட வேண்டும் என்பது எங்கள் மூத்த தொழிலாளி அண்ணனுக்குக் கையளவில் தெரியும், எடையில் தெரியாது. அவர் அள்ளிப் போடுவதைத் தராசில் நிறுத்து, ஒரு சின்ன மாதிரிக்கல் போட்டு, பின்னால் எண் எழுதி, அதே எண்ணில் நோட்டில் அளவைக் குறிக்க இரண்டு மழைக்காலம் பிடித்தது. ஆர்டர் நெருக்கும்போது இதைச் செய்ய முடியுமா? அவரே விரட்டியிருப்பார்.

அந்த நோட்டு கானாடுகாத்தானில் உதவியது. முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வளவு வீடு ஒன்றில், இரண்டாம் கட்டுப் பகுதியில் 14 கல் மாற்ற வேண்டும். “புதுசு தனியா முழிக்கக் கூடாதுப்பா, பழசோட கூடிப்போகணும்” என்றார் அந்த வீட்டு ஆச்சி. பல வருடம் கால் பட்டுத் தேய்ந்த சிவப்பு அது. நோட்டைப் பார்த்து ஆக்சைடைக் குறைத்து மூன்று மாதிரி காட்டினேன். இரண்டாவதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

இன்னொன்று, நிறையப் பேர் பேசாதது: கூலி. எங்களிடம் கல் எண்ணிக்கைக்குத்தான் கூலி. அச்சுத் துடைக்கச் சொல்லிவிட்டு எண்ணிக்கை இல்லையே என்று கையை விரித்தால் யார் வருவார்கள்? மழை நாளில் நாள் கூலி என்று பேசிவிட்டேன். “கல்லுப் போடாமக் காசு வாங்குறது என்னமோ மாதிரி இருக்கு தம்பி” என்று அண்ணன் முதல் வாரம் நெளிந்தார். பிறகு அவரே உட்கார்ந்து அச்சுகளில் விட்டுப்போன தகடுகளைப் பற்றவைக்க ஆரம்பித்தார். உங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தால் முதலில் இதை யோசியுங்கள்.

மந்த நேரத்தில் புதுப் பாடம் படி, சான்றிதழ் வாங்கு என்பார்கள். தப்பில்லை, எனக்கு அது ஒத்துவரவில்லை. அலுவலகம் என்றாலும் போன மாதம் எந்த வேலையில் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? எந்தக் கோப்பைத் தேடி அரைநாள் போனது? அங்கிருந்து தொடங்கலாம்.

இதை எழுதும்போது வெளியே மழைதான். கம்பியில் இன்னும் ஒன்பது தாள் இருக்கிறது. நாளைக்குக் கண்ணாடிகளைப் பார்த்துக் கீறல் விழுந்ததைக் கழிக்க வேண்டும். வெயில் எட்டிப்பார்த்தால் மணல் சலிப்போம்.