இரவில் கூண்டுக்குள் முனகும் நாய்க்குட்டி

உங்கள் வீட்டில் பத்து வார நாய்க்குட்டி, அதன் கூண்டு சமையலறையில், நடுராத்திரி முனகல், பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். சரிதானே? முதலில் கூண்டை உங்கள் கட்டிலருகே கொண்டுவாருங்கள். தாயைப் பிரிந்து வந்த குட்டிக்கு உங்கள் மூச்சுச் சத்தமே தெம்பு. பழகியதும் மெல்ல மெல்லத் தள்ளி வைக்கலாம்.

இந்த வயதில் விடியும்வரை சிறுநீரை அடக்க அதனால் முடியாது. அலாரம் வைத்து, முனகலுக்கு முன்பே நீங்கள் எழுப்புங்கள். தடுப்பூசிகள் முடியாமல் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறக்க வேண்டாம். குளியலறையில் ஒரு விரிப்பு போதும். பெரிய விளக்கு வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். வேலை முடிந்ததும் நேரே கூண்டு.

அப்புறமும் சிணுங்கினால் சற்றுப் பொறுத்து, சத்தம் அடங்கும் நொடியில் கம்பி வழியே விரலை நீட்டுங்கள், முகர்ந்துவிட்டுப் படுத்துவிடும். கூண்டைப் போர்வையால் முழுக்க மூடச் சொல்வார்கள். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு அது ஆகாது, மின்விசிறிக் காற்று படட்டும்.