விழாவில் கொடுத்த அறுபது அட்டைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சொந்தமாகப் பாடல் எழுதி, கிடார் வாசித்துப் பாடுகிறேன். அண்மையில் மூன்று நாள் இசைவிழா ஒன்றுக்குச் சென்று, என் பாடல்களின் இணைப்பை அச்சிட்ட அறுபது அட்டைகளைக் கொடுத்தேன். பிற்பகலில் வாசித்த ஒரு குழுவின் பேஸ் கிடார் கலைஞர் என்னுடன் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் கலைஞர்களைத் தேர்வுசெய்யும் அமைப்பாளரைக் கண்டதும் அவரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். அமைப்பாளர் நின்று கேட்கவில்லை. இதுவரை ஒருவரும் பதில் எழுதவில்லை. அடுத்த ஆண்டும் போவதில் பயன் உண்டா?

கா.

அன்புள்ள கா,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் என் மனம் திரும்பத் திரும்பச் சென்று நின்றது, பாதியில் அறுந்துபோன அந்த உரையாடலில்தான்.

பெரிய விழாக்களின் கலைஞர் பட்டியல் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். விழா நாளன்று அமைப்பாளர் தாமதமாக வரும் குழுவையும், மழையையும், ஒலிபெருக்கிக் கோளாறையும் ஒருசேரச் சுமந்துகொண்டு நடக்கிறார். அந்த நேரத்தில் அவர் காதில் விழும் புதிய பெயர் எதுவும் தங்குவதில்லை. அவருக்கு எழுதுவதென்றால், விழா முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரே ஒரு பாடலின் இணைப்போடு ஐந்து வரியில் எழுதுங்கள்.

அமெரிக்க நாட்டார் பாடகி ஜோன் பயஸ் 1959 ஜூலையில் அந்நாட்டின் நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவின் மேடையில் ஏறியபோது அவருக்கு வயது 18. நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. அவரைத் தம் விருந்தினராக மேடைக்கு அழைத்தவர் பாப் கிப்சன் என்னும் சக பாடகர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு சிகாகோவின் ஓர் இசை விடுதியில் இருவரும் ஒரே மேடையைப் பகிர்ந்திருந்தார்கள் என்பதால், அந்தக் குரல் என்ன செய்யும் என்பது கிப்சனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டே பயஸின் முதல் தனி இசைத்தட்டு வெளிவந்தது. 1963இல் அவர் தம் கச்சேரிகளுக்கு இளம் பாடகர் பாப் டிலனை அழைத்து வந்து, தம் ரசிகர்கள்முன் பாட வைத்தார். இரண்டு அழைப்புகளும் இசைக்கலைஞரிடமிருந்து இசைக்கலைஞருக்குச் சென்றவை. விடுதியில் சேர்ந்து பாடிய நாட்கள் இல்லையென்றால் நியூபோர்ட் மேடையும் அன்று வாய்த்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

இன்றும் இது பெரிதாக மாறிவிடவில்லை. முன்னணிக் குழுவுக்குமுன் பாட வேண்டியவர் கடைசி நேரத்தில் வர இயலாதபோது, 'யாரையாவது தெரியுமா?' என்ற கேள்வி முதலில் சக கலைஞர்களிடம்தான் போகிறது. ஒலிப்பொறியாளர்களையும் மறந்துவிடாதீர்கள், ஒரு பருவத்தில் அவர்கள் எத்தனையோ மேடைகளில் வேலை செய்கிறார்கள், நேரத்துக்கு வந்து, எத்தனை மைக் வேண்டும் என்பதைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்து, முடிந்ததும் பெயர் சொல்லி நன்றி கூறும் கலைஞரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தொழில்முறை அறிமுகத்துக்கென்றே நடக்கும் விழாக்களும் உண்டு. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரின் யூரோசோனிக், இங்கிலாந்தில் பிரைட்டனின் தி கிரேட் எஸ்கேப், ஜெர்மனியில் ஹாம்பர்க்கின் ரீப்பர்பான் ஆகிய விழாக்களில் புதிய கலைஞர்கள் குறுகிய நேரம் பாடுவதைக் கேட்கவே அமைப்பாளர்களும் முகவர்களும் வருகிறார்கள். அங்கே அவர்களைச் சந்திப்பது இடையூறு ஆகாது. ஆனால் இசைத்துறைப் பிரதிநிதிகளுக்கான நுழைவுச்சீட்டு விலை மிகுந்தது. மேடையில் பலமுறை பாடித் தேறிய அரைமணி நேரப் பாடல்கள் உங்களிடம் சேரும்வரை அதில் பணம் போட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்த ஆண்டு கட்டாயம் போங்கள். அட்டைகளைக் குறைத்துக்கொண்டு, பிற்பகல் மேடைகளின்முன், கூட்டம் சேர்வதற்கு முன்பே போய் நின்று கேளுங்கள். இறங்கி வருபவரிடம் நீங்கள் கேட்டதைப் பற்றிப் பேசுங்கள். அதற்குமுன், இந்த வாரமே அந்த பேஸ் கிடார் கலைஞருக்கு எழுதுங்கள். பாதியில் போனதற்கு வருத்தம் சொல்லி, அவர் வாசித்ததில் எந்த இடம் உங்களுக்குப் பிடித்தது என்று குறிப்பிட்டு, அவர்களுடைய அடுத்த கச்சேரி எப்போது என்று கேளுங்கள். உங்கள் பாடலின் இணைப்பை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம்.